சைக்கிளை விட்டு இறங்காதே!

"வலப்பக்கம் வர்றேன், வழி விடுங்க!"

பின்னாலிருந்து குரல் வந்ததும் எங்களோடு வந்திருந்த கல்லூரித் தம்பி பிரேக் பிடித்தார். சைக்கிளை விட்டு இறங்கினார். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். குரல் கொடுத்தவர் மட்டுமல்ல, அவருக்குப் பின்னால் வந்த நான்கு பேரும் கடந்து போனார்கள். அதன் பிறகுதான் தம்பி மறுபடி ஏறினார்.

அது ஒரு மலைச்சைக்கிள் பந்தயம். சென்னைக்கு வெளியே செம்மண் மேடும் கல் சரிவும் முள்காடுமாகக் கிடந்த ஒரு குன்றடிவாரத்தில் ஆர்வலர்களுக்காக நடந்தது. ஐந்து கிலோமீட்டர் தடத்தை நான்கு சுற்று வர வேண்டும். மயிலாப்பூர் கால்வாய்க் கரையில் நாங்கள் நடத்தும் இரவுப் படிப்பகத்திலிருந்து ஐந்து பேர் பெயர் கொடுத்திருந்தோம். எங்களில் மற்றவர்கள் தண்ணீர் பாட்டிலோடு தடத்தின் ஓரத்தில் நின்றோம்.

முதல் சுற்று முடிந்து தண்ணீர் வாங்க வந்த தம்பியிடம், "ஏம்ப்பா இறங்குன?" என்று கேட்டோம்.

"பழக்கம்ணா" என்றார்.

விழுப்புரம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை அவர். இப்போது சென்னையில் ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தும் விடுதியில் தங்கிப் படிக்கிறார். ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டுமானால் ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். தெரு தொடங்கும் இடத்தில் இறங்கி, முடியும் இடத்தில் ஏற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அப்பா. பிள்ளை அடி வாங்காமல் படிக்கட்டும் என்கிற பயம் அவருக்கு. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த புது சைக்கிளையும் அந்தத் தெருவில் தம்பி தள்ளிக்கொண்டுதான் போயிருக்கிறார்.

"இது ஊர்த்தெரு இல்ல தம்பி. உக்காந்தபடியே அரை அடி ஒதுங்கு, போதும். நீ முந்தணும்னா நீயும் சத்தம் போடு" என்று சொல்லி அனுப்பினோம்.

பந்தயத்தின் விதியே அதுதான். வேகமாக வருகிறவரைத் தடுக்கக் கூடாது. முன்னால் போகிறவர் யார், பின்னால் வருகிறவர் யார் என்ற கேள்வியே அங்கே கிடையாது. வேகத்துக்கு மட்டும்தான் வழி.

பொதுத்தெருவில் நடக்கும் உரிமைக்காகவே நம் முன்னோர் சட்டமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பொதுச்சாலையிலும் தெருவிலும் ஒடுக்கப்பட்டோர் நடப்பதை யாரும் தடுக்கக் கூடாது என்று 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியவர் இரட்டைமலை சீனிவாசன். நூறாண்டு கடந்துவிட்டது. பட்டியலின, பழங்குடி மாணவியருக்கு மேல்நிலை வகுப்பில் விலையில்லா சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001-02-இல் தொடங்கி, பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அரசு சைக்கிளைக் கொடுத்தது. அதில் உட்கார்ந்து போகத் தெருவை யார் கொடுப்பது?

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியலினத்தவர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுத்தால் குற்றம் என்று அதன் 3-ஆவது பிரிவு 'சைக்கிள்' என்ற சொல்லைப் போட்டே சொல்கிறது. செருப்பு அணிவது, புத்தாடை உடுத்துவது, திருமண ஊர்வலம் போவது எல்லாம் அதே வரியில் வருகின்றன. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. இது ஏட்டுச் சுரைக்காய் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று அவருடைய குடும்பத்தார் புகார் சொன்னார்கள்.

பந்தயத்துக்கு வருவோம். மயிலாப்பூரில் மலைக்கு எங்கே போவது? அடையாறு திரு.வி.க. பாலம்தான் எங்களுக்கு ஏற்றம். அதற்குமேல் வேண்டுமானால் தி.நகர் உஸ்மான் சாலை மேம்பாலம். விடியற்காலை ஐந்து மணிக்கு லஸ்ஸில் கூடி, பாலத்தை ஏறி இறங்கி, பெசன்ட் நகர் கடற்கரை மணலில் ஓட்டிப் பழகினோம். மணலில் டயர் காற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஏற்றம் வந்த பிறகு கியரை மாற்றினால் செயின் திணறும், வருவதற்கு முன்பே மாற்ற வேண்டும். சரிவில் உடம்பைப் பின்னால் தள்ளி உட்கார வேண்டும். முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். விழுந்து விழுந்துதான் இதையெல்லாம் கற்றோம்.

பணக்காரர் விளையாட்டு என்று சிலர் எங்களை எச்சரித்தார்கள். பந்தயத்துக்கு வந்த சில சைக்கிள்களின் விலை லட்சத்தைத் தாண்டும் என்பது உண்மைதான். ஆனால் இந்த விளையாட்டு பிறந்தது பழைய இரும்பில். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமால்பைஸ் மலைப்பக்கத்து இளைஞர்கள், வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட கனத்த பழைய சைக்கிள்களைத் தேடியெடுத்து, மண்பாதையில் பந்தயம் விட்டார்கள். ஒவ்வொரு முறை இறங்கி முடித்ததும் பிரேக்கில் இருக்கும் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும், மறுபடி அடைக்க வேண்டும். அங்கிருந்து வளர்ந்த விளையாட்டுதான் 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது. 2023 அக்டோபரில் ஆசிய மலைச்சைக்கிள் போட்டி நம் பக்கத்திலேயே, கேரளத்தின் பொன்முடியில் நடந்தது.

எங்கள் தம்பி ஓட்டியதும் இன்னொருவர் ஓட்டிக் கழித்த கியர் சைக்கிள்தான். பஞ்சர் கடை அண்ணன் ஒருவர் செயினும் பிரேக் கேபிளும் மாற்றிக் கொடுத்தார். இரண்டாம் சுற்றில் செயின் கழன்றது. நல்ல சைக்கிள்காரர்கள் சிலர் இப்படிக் கழன்றால் கைபிசைந்து நின்றதைப் பார்த்தோம். தம்பி கவிழ்த்துப் போட்டு, விரலால் செயினை ஏற்றி, கை கறுப்பை டவுசரில் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பள்ளி நாளில் பத்துப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு அவர்தான் மெக்கானிக்.

மூன்றாம் சுற்றில், எங்கள் கண்ணெதிரே இருந்த ஏற்றத்தில் அவருக்கு முன்னால் ஒருவர் திணறிக்கொண்டிருந்தார். விலையுயர்ந்த சைக்கிள், கண்ணாடி, கையுறை எல்லாம் இருந்தன. தம்பி பக்கத்தில் வந்தும் சத்தம் கொடுக்கவில்லை. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு, தொண்டை கரகரக்க, "வலப்பக்கம் வர்றேன், வழி விடுங்க!" என்றார்.

முன்னால் இருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடப்பக்கம் ஒதுங்கி, "போங்க பிரதர்" என்றார்.

எங்கள் அணியில் யாருக்கும் பரிசு இல்லை. தம்பி நடுவில் எங்கோ முடித்தார். எங்களில் வயது நாற்பதைக் கடந்தவர் கடைசிக்கு முந்தியவராக வந்து சேர்ந்தார்.

மாணவத் தம்பி, தங்கைகளே! பந்தயத்துக்கு வாருங்கள், வராமலும் இருங்கள். ஆனால் உங்கள் சைக்கிளை விட்டு இறங்காதீர்கள். தனியாக மோத வேண்டாம், கூட்டாகப் போங்கள். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் சொல்லுங்கள். யாராவது தடுத்தால் நாள், நேரம், பேசிய சொல், பார்த்தவர் யார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். விசாரித்துவிட்டுத்தான் வழக்குப் பதிவோம் என்று காவல் நிலையத்தில் சொன்னால், முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிற 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தை எடுத்துச் சொல்லுங்கள். வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566. கட்டணம் இல்லை.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போன தம்பி போன் செய்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, நான்கு சைக்கிளில் ஊர்த்தெரு வழியாகக் கடைக்குப் போய் வந்தாராம்.

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டோம்.

"திண்ணையில இருந்தவங்க பார்த்தாங்கண்ணா. நாங்க மணி அடிச்சுக்கிட்டே போயிட்டோம்" என்றார்.