ஒற்றை வெண்புள்ளியும் சாய்ந்த வெயிலும்

சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் நிலவில் மோதி நொறுங்கியது. நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலம் எடுத்த படத்தில் அதன் சிதறலை முதலில் அடையாளம் கண்டவர் நம் மதுரைக்காரர், சண்முக சுப்பிரமணியன். சென்னையில் வேலை பார்த்துவந்த மெக்கானிக்கல் இன்ஜினீயர். செப்டம்பர் 17இல் எடுத்த படத்தைப் பழைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, முன்பு இல்லாத ஒரு வெண்புள்ளியைப் பிடித்தார். ஒரே ஒரு பிக்ஸல். நிலவில் அது 1.3 மீட்டர்.

அதன்பின் நடந்தது கோள் நிலவியலாளர்களின் வேலை. அதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசவில்லை. எல்.ஆர்.ஓ. கேமராவை அப்போது நடத்திவந்தது அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகக் குழு; அதன் அப்போதைய தலைவர் மார்க் ராபின்சன் ஒரு நிலவியலாளர். ஒரு புள்ளியை மட்டும் நம்பி அவர்கள் எதையும் அறிவித்துவிடவில்லை. செப்டம்பர் படத்தில் சூரியன் அடிவானத்துக்கு 6 டிகிரி மேலேதான் இருந்தது. நீண்ட நிழல்கள் பாதி நிலத்தை விழுங்கியிருந்தன. நவம்பர் 11 படத்தில் சூரியன் 18 டிகிரிக்கு ஏறியிருந்தது, பிக்ஸலும் 0.7 மீட்டராகக் குறைந்திருந்தது. மோதிய தடமும் சிதறலும் அதில் தெளிந்தன. சண்முக சுப்பிரமணியன் கண்ட துண்டு, மோதிய இடத்துக்கு வடமேற்கே 750 மீட்டரில் கிடந்தது. டிசம்பர் 2 அன்று நாசா அவர் பெயரைச் சொல்லியே உறுதிசெய்தது.

வெயில் விழும் கோணத்தை அறிவதுதான் இந்தத் தொழிலின் உயிர் என்பேன். உச்சி வெயிலில் ஒரே பாளமாகத் தெரியும் மதுரை யானைமலையைச் சாயங்காலம் பாருங்கள். வெடிப்பும் பள்ளமும் அப்போதுதான் எழுந்து நிற்கும்.

படத்தில் தெரிவது எந்தப் பாறை என்றும் சொல்ல வேண்டும். நிலவின் மேட்டுநிலம் பெரும்பாலும் அனார்த்தசைட். அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் இருக்கிறது. அதைப் பொடித்துச் செய்த மண்ணில்தான் இஸ்ரோ தன் ரோவரை ஓட்டிப் பழகியது. சந்திரயான்-3 இறங்க வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுக்க, 100 கி.மீ. உயரத்திலிருந்து சுமார் 25 செ.மீ. வரை பிரித்துக் காட்டும் சந்திரயான்-2 சுற்றுக்கலக் கேமராவின் படங்கள் உதவின.

பிளஸ் டூ முடித்த பிள்ளை நிலவியல் படிக்கிறேன் என்றால் 'வேலை கிடைக்குமா' என்று தயங்காதீர்கள், பெற்றோர்களே. நிலவியலில் முதுநிலை முடித்தால் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தில் கோள் அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு முயலலாம். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம்: சந்திரயான்-2 படங்களை இஸ்ரோவின் 'பிரதான்' தளத்தில் பதிவுசெய்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.