பழைய மருந்துப் புத்தகத்தில் பழைய உப்புக் கணக்கு!

குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? புத்தகத்தின் ஆண்டைப் பாருங்கள்!

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் உப்புக்குப் பஞ்சம் இல்லை. உப்பளப் பாத்திகளில் வெள்ளை வெளேர் என்று குவிந்து கிடக்கிறது.

ஆனால், வயிற்றுப்போக்கால் துவண்ட குழந்தைக்குக் கொடுக்கும் நீரில் ஒரு கிராம் உப்புக்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கு மாறி 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது!

உயிர் காத்த தண்ணீர்

1971-ம் ஆண்டு வங்காளதேசப் போர் நடந்தது. மேற்கு வங்காளத்தில் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துவிட்டது.

டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்த இடத்தில், சாவு 4 பேருக்கும் கீழே குறைந்தது.

கணக்கு மாறியது

பிறகு உலக சுகாதார நிறுவனம், ஒரு லிட்டர் நீருக்கு 3.5 கிராம் உப்பு, 20 கிராம் குளுக்கோஸ் என்று அளவு வகுத்தது.

2002-ல் அதைக் குறைத்தது. உப்பு 2.6 கிராம்; குளுக்கோஸ் 13.5 கிராம். இதனால் குழந்தைக்கு வாந்தி குறைகிறது. ஊசி மூலம் நீர் ஏற்றும் தேவையும் குறைகிறது. உப்பு மிஞ்சினால் வலிப்பே வரலாம்.

2004 முதல் துத்தநாக மாத்திரையும் கொடுக்கச் சொல்கிறார்கள். பழைய புத்தகத்தில் இது எதுவும் இருக்காது.

தடையான மருந்து

"நிமெசுலைடு" என்ற காய்ச்சல் மருந்தைப் பாருங்கள். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுக்க மத்திய அரசு 2011-ல் தடை விதித்தது. அதற்கு முன் அச்சான புத்தகத்துக்கு இந்தத் தடை எப்படித் தெரியும்?

டாக்டர்களுக்கான அரசு மருந்துக் கையேடு 1960-ல் வந்தது. மூன்றாம் பதிப்பு 1979-ல் வந்தது. அடுத்த பதிப்புக்கு 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று!

தாய்மார்கள் கவனிக்க

* ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அதில் எழுதியுள்ள அளவு நீரில் முழுவதையும் கரையுங்கள்.

* பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் சுத்தமான நீரில், தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி தூள் உப்பு. கல் உப்பை அள்ளிப் போடாதீர்கள், அளவு தவறும்.

* கண் குழிந்தாலும், சிறுநீர் நின்றாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்யுங்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. அந்த அளவைப் பழைய புத்தகத்தில் தேடாதீர்கள். டாக்டரைக் கேளுங்கள்!