லண்டன் டு கொடைக்கானல்: 'பத்தரை மணி நேரம்'னு நம்பி டிக்கெட் போடாதீங்க!

லண்டன்ல வேலை பார்க்கிற அண்ணன். கொடைக்கானல்ல வெள்ளிக்கிழமை காலை தங்கச்சி கல்யாணம். மொபைல்ல தேடினா, 'லண்டன் - சென்னை பத்தரை மணி நேரம்'னு வருது. வியாழக்கிழமை மதியம் ஃபிளைட் ஏறினா முகூர்த்தத்துக்கு வந்துடலாம்னு நினைக்கிறார். வந்துடுவாரா? வாங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அது என்ன தூரம்?

லண்டன் - சென்னை சுமார் 8,200 கி.மீ. பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய தூரம் இது. மூடப்பட்ட வான்பகுதி, மோசமான வானிலை எல்லாவற்றையும் சுற்றி வருவதால், விமானம் பறக்கும் தூரம் இதைவிட அதிகம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று வீசும். அதனால் இங்கே வரும்போது நேரம் குறையும், திரும்பும்போது கூடும்.

கடிகாரத்தைக் கவனிங்க

கோடையில் இந்தியா, பிரிட்டனைவிட நாலரை மணி நேரம் முன்னே இருக்கும். குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம். இப்போ கோடைக்காலம்னு வெச்சுப்போம். அண்ணன் லண்டன்ல மதியம் 1 மணிக்குக் கிளம்பும்போது நமக்கு மாலை 5.30. சென்னையில் இறங்கும்போது வெள்ளி அதிகாலை 4 மணி. இமிக்ரேஷன், லக்கேஜ் எல்லாம் முடிய 6 மணி ஆகிடும். 9 மணிக்கு உள்நாட்டு விமானம் கிடைச்சாலும், மதுரையில் இறங்கி வெளியே வர 10.30.

கடைசி 120 கி.மீ.

மதுரை விமான நிலையத்திலிருந்து கொடைக்கு நேர்கோட்டில் சுமார் 80 கி.மீ.தான். விமான வேகத்தில் ஆறு நிமிஷம்! ஆனா ரோட்டில் சுமார் 120 கி.மீ. வத்தலக்குண்டு தாண்டினதும் கொண்டை ஊசி வளைவுகள். 2,000 மீட்டருக்கு மேல் உயரத்துக்கு ஏறணும். எப்படியும் மூன்றரை, நாலு மணி நேரம் ஆகும். அண்ணன் மண்டபத்துக்குள் நுழையும்போது மதியம் 2.30. பந்தியே முடிஞ்சிருக்கும்!

ஆக, பத்தரை மணி நேரம்னு பார்த்த பயணம் 21 மணி நேரம் ஆகுது. லண்டன் ஏர்போர்ட்டில் காத்திருக்கும் மூணு மணி நேரம் தனி.

1845-ல் கொடையில் முதல் வீடுகளைக் கட்டிய அமெரிக்க மிஷனரிகளின் காலத்தில் சூயஸ் கால்வாயே கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பலில் மாதக்கணக்கில் வரணும். அப்புறம் மலைப்பாதை. கடல் தூரத்தை விமானம் சுருக்கிடுச்சு. மலை மட்டும் இன்னும் தன் வேகத்துலதான் நம்மை ஏத்துது.

டிக்கெட் போடும் முன்...

* இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டில் போடுங்க. தனித்தனியா எடுத்தா, முதல் விமானம் லேட்டானால் அடுத்த டிக்கெட் காசு போயிடலாம்.
* சென்னையிலிருந்து ரயில்னா, 'கொடைக்கானல் ரோடு' என்ற பேரை நம்பி ஏமாறாதீங்க. அங்கிருந்து கொடைக்கு இன்னும் 80 கி.மீ. போகணும்.
* கொடை ஏறும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். முன்கூட்டியே எடுத்துடுங்க.

முக்கியமா, விசேஷத்துக்கு ஒருநாள் முன்னாடியே வந்து சேருற மாதிரி கிளம்புங்க. அண்ணன் புதன்கிழமையே ஏறியிருந்தா, தாலி கட்டும்போது தங்கச்சி பக்கத்துல நின்னிருப்பார்!