துறையடியும் பாலமும்

கிண்ணியாவில் பாலம் வரும்வரை, அந்தப் பக்கத்து ஆள் திருகோணமலை டவுனுக்குச் சாமான் வாங்க வருவதென்றால் துறையடியில் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். இழுவைப் படகை இந்தப் பக்கத்தில் பாதை என்றுதான் சொல்வார்கள். வெயிலில் நின்று, தண்ணீர் கடந்து, பஸ் பிடித்துக் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தவரிடம் முதலாளி நிமிர்ந்தும் பாராமல் "என்ன?" என்று கேட்டாலும், அவர் வாங்கிக்கொண்டுதான் போவார். நாலு கடை ஏறி இறங்க நேரமேது?

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தது. வாடிக்கை கூடும் என்று டவுன் கடைக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். கூடத்தான் செய்தது. ஆனால் வருகிற சனத்துக்கு இப்போது வெறுங்கையோடு திரும்பிப் போகவும் முடியும் என்பதைப் பலர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த ஊர்க் கடைகளின் முறைப்பு பிறவிக் குணமல்ல, தட்டுப்பாடு பழக்கிவிட்டது. 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கே இருந்தது. கப்பல் வந்தால் கடைத்தெருவுக்கு ஆளும் தானாக வரும். எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் சங்கக்கடை வரிசையில் நின்றவர்களுக்கு, சாமான் நிறுப்பவர் கிட்டத்தட்ட அரசாங்க அதிகாரி. பிறகு யுத்தம். சோதனைச்சாவடிகளைத் தாண்டி லொறி வந்து சேர்வதே பெரிய காரியமாயிருந்த நாட்களில், "இருக்கிறது இதுதான், வேணுமெண்டா எடுங்கோ" என்பதற்கு மேல் பேச்சில்லை. ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது: அதே முதலாளிமார்தான் கடன் கொப்பியில் எழுதிவிட்டு அரிசியும் பருப்பும் கொடுத்துப் பல குடும்பங்களை ஓட்ட வைத்தார்கள். முகம் கடுகடுப்பு, கை தாராளம். அந்தக் கடனுக்காகச் சனம் அந்த முகத்தைப் பொறுத்துக்கொண்டது.

இன்று தாராளம் குறைந்து கடுகடுப்பு மட்டும் மிஞ்சிய கடைகள்தான் அடிவாங்குகின்றன. அண்மையில் ஒரு ஹாட்வெயார் கடையில் குழாய்க்கு அரை இஞ்சி வொசர் கேட்டேன். முதலாளி போனில் எதையோ பார்த்தபடியே "இல்ல" என்றார். அவர் தலைக்கு நேர்மேலே கம்பியில் கோர்த்து ஒரு கொத்து வொசர் தொங்கியது. காட்டினேன். "அது ஒண்டு ரெண்டா குடுக்கிறதில்ல."

சாமானை வைத்துக்கொண்டு விற்க மறுப்பதும், இருப்பதை இல்லை என்பதும் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி குற்றம். முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கமும் உண்டு. திறந்த பொருளாதாரம் வந்த வருடமும் அதுதான், தற்செயலாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு வொசருக்காக யார் போன் அடிப்பார்கள்? அடுத்த முறை வேறு கடை, பக்கத்து வீட்டுக்கும் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். இந்த நட்டம் முதலாளியின் எந்தக் கணக்கிலும் விழாது. யாபாரம் படுத்துவிட்டது என்று வரியையும் சுப்பர் மார்க்கெட்டையும் ஏசிக்கொண்டிருப்பார்.

ஃபூட் சிட்டி சுப்பர் மார்க்கெட்டில் மட்டும் யாராவது சிரித்து வரவேற்கிறார்களா? இல்லை. ஆனால் விலை ஒட்டியிருக்கிறது, பில் வருகிறது. சின்னக் கடையில் விலை கேட்டால் "எடுக்கப் போறீங்களா?" என்று திருப்பிக் கேள்வி வருகிறது, மிச்சக் காசுக்குப் பதில் டொபி வருகிறது. சனம் குளிரூட்டிக்காகப் போவதாகச் சொல்வதை நான் நம்பவில்லை. யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை என்பதற்காகத்தான் போகிறது.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்தில் வேறு கதை. அங்கே சீசன் ஏப்ரல், மே முதல் செப்டம்பர் வரை. வெள்ளைக்காரன் ஒருக்கா வருவான், திரும்ப வரமாட்டான் என்ற எண்ணத்தில் கூட்டிச் சொன்ன விலைகளை, இப்போது அடுத்து வருபவர் வரமுன்னரே போனில் வாசித்துவிடுகிறார்.

2021 முடிவிலும் 2022இலும் பால்மா தட்டுப்பாடானபோது பழைய காலம் கொஞ்ச நாள் திரும்பி வந்தது. வேறு சாமானும் எடுத்தால்தான் பால்மா என்று சில கடைகள் நிபந்தனை போட்டன. குழந்தை இருக்கிற வாடிக்கை வீட்டுக்கென ஒரு பைக்கற்றை உள்ளே எடுத்து வைத்தவர்களும் இருந்தார்கள். வரிசைகள் முடிந்த பிறகும் யார் எப்படி நடந்தார் என்று சனத்துக்கு நினைவிருக்கிறது.

சில கடைகளில் இப்போது மகன்மார் மேசைக்கு வந்துவிட்டார்கள். வட்ஸ்அப்பில் லிஸ்ட் வாங்கி, பின்னேரம் மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்; சிங்களத்தில் கேட்டால் சிங்களத்தில் பதில், தக்காளி அழுகியிருந்தால் மாற்றியும் கொடுக்கிறார்கள். "அந்தக் காலத்தில சனம் எங்களத் தேடி வந்தது, இவன் சனத்தத் தேடிப் போறான்" என்பது தகப்பன்மாரின் முணுமுணுப்பு. கடன் கொப்பி மட்டும் இன்னும் தகப்பன் கையில்தான். அதை மகனிடம் கொடுத்தால் பழைய வாடிக்கையைக் கடன் கேட்கவிடாமல் துரத்திவிடுவான் என்று பயம். அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது.