பார்க்கின்சன் நோயும் டிஜே-1 என்னும் காவல் புரதமும்

டோபமின் நரம்பணுக்கள் ஏன் மடிகின்றன?

கை நடுங்குவதும் நடை தளர்வதும் பார்க்கின்சன் நோயில் வெளியே தெரிபவை. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்னும் கருநிறப் பகுதியில், டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் மடியத் தொடங்கிவிடுகின்றன. இவை எளிதில் பலியாவதற்கு ஒரு முக்கியக் காரணம் இவற்றின் வேலையிலேயே இருக்கிறது. டோபமின் சிதையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. அங்கே இரும்பும் மிகுதி. இரண்டும் சேர்ந்தால் கொடிய ஹைட்ராக்சில் ரேடிகல்கள் பிறந்து புரதம், கொழுப்பு, டிஎன்ஏ எல்லாவற்றையும் அரிக்கின்றன. ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பது இதுதான். அப்படியானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையை விழுங்கினால் போதுமே என்று தோன்றும். அது அவ்வளவு எளிதல்ல என்பதை நம் செல்களிலேயே இருக்கும் டிஜே-1 புரதம் காட்டுகிறது.

106-ஆம் இடத்துச் சிஸ்டைன்

டிஜே-1 வெறும் 189 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். நெதர்லாந்திலும் இத்தாலியிலும் இளவயதிலேயே நோய் கண்ட இரு குடும்பங்களில் இதன் மரபணு பழுதாகியிருந்தது 2003-இல் தெரியவந்தது. இத்தாலியக் குடும்பத்தில் 166-ஆம் இடத்தில் லியூசின் என்னும் அமினோ அமிலம் புரோலின் என்னும் வேறொன்றாக மாறியிருந்தது. அந்த ஒரே மாற்றம் புரதத்தின் மடிப்பைக் குலைத்துவிடுவதால் செல்லே அதைச் சிதைத்துவிடுகிறது.

பெராக்சைடு பெருகும்போது இந்தப் புரதத்தில் முதலில் அடி வாங்குவது 106-ஆம் இடத்தில் உள்ள சிஸ்டைன் என்னும் அமினோ அமிலத்தின் கந்தக அணு. அதில் 2 ஆக்சிஜன் அணுக்கள் ஏறியதும் புரதம் செயலிழப்பதில்லை, விழித்துக்கொள்கிறது. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவை நோக்கி நகர்ந்து செல்லைக் காக்க முனைகிறது. அந்தச் சிஸ்டைனை மட்டும் வேறொன்றாக மாற்றிய ஆய்வகச் செல்களில் இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. ஆனால் மூன்றாவது ஆக்சிஜனும் ஏறிவிட்டால் புரதம் பயனற்றுப் போகிறது. ஆக, அளவோடு நிகழும் ஆக்சிஜனேற்றம் காவலை எழுப்பும் எச்சரிக்கை. அளவு மீறியது அந்தக் காவலையே அழிக்கும் தாக்குதல். முன்னதையும் சேர்த்துத் துடைத்துவிட நினைப்பது தவறான வழி என்றே கருதுகிறேன்.

எழக்கூடிய மறுப்புகள்

இளவயது நோயாளிகளிலும் டிஜே-1 மரபணுப் பழுது உள்ளவர்கள் சுமார் 1 சதவீதம்தானே, மற்றவர்களுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். மரபணுப் பழுது இல்லாத நோயாளிகளின் மூளையிலும் ஆக்சிஜனேற்றத்தால் சேதமுற்ற டிஜே-1 காணப்பட்டிருக்கிறது. எனவே இது அந்தச் சில குடும்பங்களோடு நின்றுவிடும் செய்தி அல்ல. இதைவிட வலுவான மறுப்பு எலிகளிடமிருந்து வருகிறது. டிஜே-1 அறவே இல்லாத எலிகளில் டோபமின் நரம்பணுக்கள் பொதுவாகத் தாமாக மடிவதில்லை. ஆனால் அதே எலிகளுக்கு எம்பிடிபி என்னும் நஞ்சைக் கொடுத்தால் மற்ற எலிகளைவிடக் கூடுதலான நரம்பணுக்களை இழக்கின்றன. புரதத்தைத் திரும்பக் கொடுத்தால் பாதிப்பு குறைகிறது. தாக்குதல் வரும்போதுதான் காவலின் அருமை தெரிகிறது.

மாத்திரைகள் தோற்ற கதை

அமெரிக்காவிலும் கனடாவிலும் 800 நோயாளிகளிடம் நடந்த டேட்டாடாப் ஆய்வில், நாளொன்றுக்கு 2000 யூனிட் வைட்டமின் ஈ என்னும் ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தும் நோய் மெதுவாகவில்லை. 600 பேரிடம் நடந்த, கோஎன்சைம் கியூ10 என்னும் மற்றொரு ஆன்டிஆக்சிடன்ட் பற்றிய ஆய்வும் பலனின்றி 2011-இல் நிறுத்தப்பட்டது. அறிகுறி தெரிவதற்குள் பல நரம்பணுக்கள் போய்விடுவதால் மருந்து தாமதமாகச் சென்றது என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் டேட்டாடாப்பில் சேர்க்கப்பட்டவர்கள் லெவோடோபா என்னும் பார்க்கின்சன் மருந்து இன்னும் தேவைப்படாத ஆரம்பநிலை நோயாளிகள். தாமதம் மட்டுமே காரணமென்றால், அவர்களிடமாவது சிறு பலன் தெரிந்திருக்க வேண்டும்.

டிஜே-1ஐப் பாதுகாக்கும் மூலக்கூறுகள் இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளன. மருந்துக்கடையில் அப்படி எதுவும் கிடைக்காது. ஆகவே, மூளையைக் காக்கும் என்ற விளம்பரத்தை நம்பி ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை நேரம் தவறாமல் சாப்பிடுங்கள். அவரிடம் கேட்டு, உங்கள் உடல் தாங்கும் உடற்பயிற்சியை இன்றே தொடங்குங்கள்.