ஒரே விரல், இரண்டு சின்னம்

2019 ஏப்ரல் 18 அன்று ஏனாத்தூரில் ஓட்டுப் போடப் போனவருக்கு முன்னால் எம்.பி. தேர்தலுக்கான இயந்திரம் மட்டுமே இருந்தது. அதே காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கிய திருப்போரூரில் இரண்டு இயந்திரங்கள். எம்.பி.க்கு வெள்ளைத் தாள், எம்.எல்.ஏ. இடைத்தேர்தலுக்கு இளஞ்சிவப்புத் தாள். அன்று தமிழகத்தில் 18 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தது. வேலூர் மக்களவைத் தேர்தல் கடைசி நேரத்தில் ரத்தானதால் ஆம்பூர், குடியாத்தம் வாக்காளர்களுக்கு ஒரு வேலை குறைந்தது. மற்ற 16 தொகுதிகளில் ஒரே விரல் இரண்டு பொத்தான்களை அழுத்தியது. மே 19 அன்று மேலும் நான்கு தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் முடிந்து, மே 23 அன்று எண்ணியபோது, தேர்தல் நடந்த 38 மக்களவைத் தொகுதிகளில் 37 திமுக கூட்டணிக்குப் போயிருந்தன. அதிமுக அணிக்குக் கிடைத்தது தேனி மட்டும். ஆனால் 22 சட்டமன்ற இடங்களில் திமுக 13 வென்றது, அதிமுக 9 வென்றது. மக்களவையில் துடைத்தெறியப்பட்ட கட்சி, சட்டமன்றத்தில் ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது. இந்த இரண்டு முடிவுகளையும் தந்தவர்கள் பெரும்பாலும் அதே வாக்காளர்கள்தான் என்பதை நம் அரசியல் பேச்சு இன்னும் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை.

நிலக்கோட்டையை எடுத்துப் பார்க்கலாம். அது திண்டுக்கல் மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்று. திண்டுக்கல்லில் திமுகவின் வேலுச்சாமி, பாமக வேட்பாளரை 5.38 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்தத் தேர்தலில் தமிழகத்திலேயே பெரிய வித்தியாசம் அதுதான். சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரியாக 90 ஆயிரம் முன்னிலை. அதே நாளில், அதே நிலக்கோட்டையில், இடைத்தேர்தலில் அதிமுக சுமார் 20 ஆயிரம் வாக்குகளில் ஜெயித்தது. இரண்டு இயந்திரங்களிலும் ஒரே அணிக்கே எல்லோரும் போட்டிருந்தால் இந்தக் கணக்கு எந்த வகையிலும் நேராகாது. வெள்ளைத் தாளில் உதயசூரியனையும் இளஞ்சிவப்புத் தாளில் இரட்டை இலையையும் அழுத்தியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருக்க வேண்டும். சிவகங்கையில் காங்கிரஸின் கார்த்தி சிதம்பரம் 3.32 லட்சம் வித்தியாசத்தில் வென்றார். அதற்குள் வரும் மானாமதுரை அதிமுகவுக்குப் போனது. தூத்துக்குடியில் கனிமொழி 3.47 லட்சம் வித்தியாசத்தில் வென்றார். அதற்குள் வரும் விளாத்திகுளமும் அதிமுகவுக்கே போனது.

அதிமுக வென்ற ஒன்பது இடங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை கண்ணில் படும். சோளிங்கர், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, நிலக்கோட்டை ஆகிய நான்கும் அடங்கிய மக்களவைத் தொகுதிகளில் அந்த அணியின் வேட்பாளர் பாமகவைச் சேர்ந்தவர். மானாமதுரை, பரமக்குடி, விளாத்திகுளம், சூலூர் அடங்கிய தொகுதிகளில் பாஜக. சாத்தூர் அடங்கிய விருதுநகரில் தேமுதிக. ஒன்பதில் ஒன்றில்கூட எம்.பி. வாக்குத்தாளில் இரட்டை இலை இல்லை. சூலூருக்கு வேறு நாளில் வாக்குப்பதிவு நடந்ததால் அதைத் தள்ளிவைத்தாலும் எட்டு மிஞ்சும். அதிமுக தானே எம்.பி. வேட்பாளரை நிறுத்திய இடங்களில் அடங்கிய திருப்போரூர், பூந்தமல்லி, ஓசூர், திருவாரூர் நான்கும் திமுகவிடம் போயின. அதற்காகக் கூட்டாளிக்கு விட்ட இடமெல்லாம் அதிமுக ஜெயித்தது என்று சொல்லிவிட முடியாது. பெரம்பூர் அடங்கிய வடசென்னையில் தேமுதிகவும், தஞ்சாவூரில் தமாகாவும் நின்றன. இரண்டு சட்டமன்ற இடங்களும் திமுகவுக்கே கிடைத்தன. கூட்டாளியின் சின்னம் இருந்தால் ஓட்டுப் பிரிவது நிச்சயம் என்று ஆகாது. ஆனால் அது இருந்த இடங்களில்தான் பிரிவதற்கு வழி திறந்தது.

ஏன் திறந்தது? ஒரு வாக்காளர் எதிரணி ஆளுக்கு ஓட்டுப் போடுவதற்கு, அந்த ஆளை எதிரணியின் டெல்லி முகத்திலிருந்து தனியே பிரித்துப் பார்க்க முடிய வேண்டும். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தால் ஓட்டுப் பிரிகிறது, தெரியாவிட்டால் பிரிவதில்லை. அமெரிக்காவில் மெய்ன் மாநிலம் 2020 நவம்பரில் அதிபர் தேர்தலில் ஜோ பைடனுக்குச் சுமார் 9 சதவீத முன்னிலை தந்தது. அதே வாக்குச்சீட்டில் செனட்டுக்குக் குடியரசுக் கட்சியின் சூசன் காலின்ஸை 8 சதவீதத்துக்கு மேல் முன்னிலையில் வெல்ல வைத்தது. காலின்ஸ் அந்த இடைவெளியைப் பல ஆண்டுகளாகத் தன் கையாலேயே உண்டாக்கியிருந்தார். ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ஒழிக்கும் முயற்சியை 2017-இல் எதிர்த்து வாக்களித்தார். 2020 அக்டோபரில் ஏமி கோனி பாரெட்டை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்குவதை எதிர்த்து வாக்களித்த ஒரே குடியரசுக் கட்சி உறுப்பினர் அவர்தான். ட்ரம்புக்கு ஓட்டுப் போடுவீர்களா என்று கேட்டபோது பதில் சொல்ல மறுத்தார். அங்கே தனி ஒருவர் பாடுபட்டுச் செய்துகொண்ட விலகலை, இங்கே தொகுதிப் பங்கீடு தானாகவே செய்து கொடுத்துவிடுகிறது. எம்.பி. தாளில் தாமரையும் எம்.எல்.ஏ. தாளில் இரட்டை இலையும் இருக்கும்போது, மோடி வேண்டாம் என்று முடிவெடுத்த ஒருவருக்கு எடப்பாடி பழனிசாமியின் ஆளை மன்னிக்க இன்னொரு காரணம் தேவைப்படவில்லை. கூட்டணியைக் கட்டியவர்களே இரண்டையும் இரண்டு தாள்களில் பிரித்து வைத்துவிட்டார்கள்.

அரூரில் இதற்கு இன்னும் கனமான பின்னணி உண்டு. அது தனித்தொகுதி. 2012 நவம்பரில் நத்தம் காலனி உள்ளிட்ட தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே எம்.பி. தாளில் பாமகவின் மாம்பழம், அதற்குப் பக்கத்தில் அன்புமணி ராமதாஸ் பெயர். மாம்பழத்தை அழுத்தக் கை போகாத பட்டியல் சாதி வாக்காளர் ஒருவருக்கு, எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து பழகிய இரட்டை இலையை அழுத்துவதில் எந்தத் தயக்கமும் இருந்திருக்காது. இதை நான் கட்சி மாறிய ஓட்டாகப் பார்க்கவில்லை. தன் கட்சியை வைத்துக்கொண்டு, கட்சித் தலைமை தன் தலையில் கட்டிய கூட்டாளியை மட்டும் மறுத்த ஓட்டு அது. நிலக்கோட்டை, மானாமதுரை, பரமக்குடியும் தனித்தொகுதிகள்தான். ஒன்பதில் நான்கு தனித்தொகுதி என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுபக்கத்திலும் இதே போக்கு தெரிகிறது. தேனியில் அதிமுகவின் ரவீந்திரநாத் குமார் எம்.பி. ஆனார். அதற்குள் வரும் ஆண்டிப்பட்டி, பெரியகுளம் இரண்டிலும் இடைத்தேர்தலில் திமுக வென்றது. ஆண்டிப்பட்டியில் அண்ணனும் தம்பியும் எதிரெதிர்க் கட்சிகளில் நின்றார்கள் என்பதால் பத்திரிகைகள் அந்தக் கதையிலேயே நின்றுவிட்டன. கவனிக்க வேண்டியது வேறு: தேனியில் திமுக அணியின் எம்.பி. வேட்பாளர் காங்கிரஸின் ஈ.வி.கே.எஸ். இளங்கோவன், ஈரோட்டுக்காரர். இங்கேயும் எம்.பி. தாளில் இருந்தது கூட்டாளியின் கை, எம்.எல்.ஏ. தாளில் இருந்தது உதயசூரியன்.

எதிர்வாதங்கள் உண்டு. சனங்கள் குழம்பிப் போய்ப் பொத்தானை மாற்றி அழுத்தியிருப்பார்கள் என்பது ஒன்று. குழப்பம் என்றால் அது எல்லாப் பக்கமும் சிதறும், ஒரே நாளில் இரண்டு ஓட்டும் நடந்த எட்டு இடத்திலும் ஒரே திசையில் போகாது. மேலும் காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகளில் 2021 அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் ஒருவர் கையில் நான்கு சீட்டுகள் இருந்தன: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டில் கட்சிச் சின்னமே கிடையாது. ஆளைப் பார்த்து இரண்டு, கட்சியைப் பார்த்து இரண்டு என்று பிரித்துக் குத்தத் தெரிந்தவர்களுக்கு இரண்டு இயந்திரம் ஒரு பாரமல்ல. பணம் என்பது அடுத்த வாதம். பணம் பாய்ந்ததை மறுப்பவர் யாருமில்லை, வேலூர் தேர்தல் ரத்தானதே அதனால்தான். ஆனால் இரண்டு தரப்பும் கொடுத்த பணம், ஒரே வீட்டில் ஒரு ஓட்டை மட்டும் அங்கே தள்ளி இன்னொன்றை இங்கே இழுத்ததற்குக் காரணம் சொல்லாது. தினகரனின் அமமுக ஓட்டைக் கிழித்தது என்பார்கள். அமமுக இரண்டு தாளிலும் அதே பரிசுப்பெட்டியுடன் இருந்தது. கிழித்திருந்தால் இரண்டிலும் கிழித்திருக்க வேண்டும்.

வலுவான எதிர்வாதம் இன்னொன்று. 2017 செப்டம்பரில் 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டதால்தான் இத்தனை இடைத்தேர்தல். பழனிசாமி ஆட்சி நிற்குமா விழுமா என்பது இந்த முடிவுகளைப் பொறுத்தே இருந்தது. ஆளுங்கட்சியின் பலமும், இருக்கிற ஆட்சியைக் கவிழ்க்க வேண்டாம் என்ற எண்ணமும் சேர்ந்து இரட்டை இலையைக் காப்பாற்றின என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது என் வாதத்தை முறிக்கவில்லை. ஆட்சி கவிழ வேண்டாம் என்பது கோட்டையைப் பற்றிய பதில், மோடி வேண்டாம் என்பது டெல்லியைப் பற்றிய பதில். இரண்டையும் ஒருவரே ஒரே நாளில் சொன்னார் என்பதுதான் பொருள். என் வாதத்துக்கு உண்மையிலேயே இடிக்கும் இடம் விளாத்திகுளம். 2018 மே மாதத்தில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பாளர்கள் 13 பேரைச் சுட்டுக்கொன்றது மாநிலக் காவல்துறை, டெல்லியின் படை அல்ல. அந்தக் கோபம் எம்.பி. தாளில் பாஜகவின் தமிழிசை மீது இறங்கியது. அதே தூத்துக்குடிக்குள் வரும் ஒட்டப்பிடாரத்தில் அதிமுக மீதும் இறங்கியது. விளாத்திகுளத்தில் மட்டும் அதிமுகவைத் தொடாமல் போனது. ஓட்டைப் பிரிப்பவர் பழியையும் சரியாகப் பிரிக்கிறார் என்று எப்போதும் சொல்ல முடியாது.

1991-இலும் 1996-இலும் தமிழகம் முழுவதும் ஒரே சமயத்தில் இரண்டு தேர்தலும் நடந்தன. முன்னதில் அதிமுக காங்கிரஸ் கூட்டணி 39 எம்.பி. இடங்களையும் 225 எம்.எல்.ஏ. இடங்களையும் அள்ளியது. பின்னதில் திமுக தமாகா கூட்டணி 39-ஐயும் 221-ஐயும் அள்ளியது. அப்போது பிரிக்காதவர்கள் இப்போது ஏன் பிரிக்க வேண்டும்? அந்த இரண்டு தடவையும் கோபமோ அனுதாபமோ டெல்லி, கோட்டை என்று வேறுபாடு பார்க்கவில்லை. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிந்தைய நாட்களிலும், ஜெயலலிதாவின் முதல் ஆட்சிக்கு எதிரான அலையிலும் இரண்டு தாளும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன. தமிழக வாக்காளர் பிறவியிலேயே பிரித்துப் போடுபவர் என்ற பெருமைப் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. கேள்வி இரண்டாக இருக்கும்போது பிரிக்கிறார், அவ்வளவுதான். காஞ்சிபுரத்தில் தறி போட்டிருக்கும் வீட்டில் அந்த இரண்டு கேள்விகளும் தினமும் இருக்கின்றன. இறக்குமதிப் பட்டின் மீதான சுங்கவரியை 2021 பட்ஜெட்டில் 10-லிருந்து 15 சதவீதமாக்கி, கோராப் பட்டின் விலையில் கை வைத்தது டெல்லி. கைத்தறிக்கு இலவச மின்சாரத்தை 2023-இல் 200 யூனிட்டிலிருந்து 300 ஆக்கியது கோட்டை. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போட வேண்டும் என்ற கட்டாயம் அந்த வீட்டுக்கு ஏன் வர வேண்டும்?

அந்தக் கட்டாயத்தை நோக்கித்தான் போகிறோமோ என்ற கவலை எனக்கு உண்டு. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவதற்கான அரசியல் சட்டத் திருத்த மசோதா 2024 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, கூட்டுக்குழுவுக்குப் போனது. 1999 முதல் 2014 வரையிலான தேர்தல்களை ஆராய்ந்த ஐடிஎஃப்சி நிறுவன ஆய்வு, சேர்ந்து நடக்கும்போது வாக்காளர் இரண்டுக்கும் ஒரே கட்சியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 77 சதவீதம் என்றது. ஒடிசாவில் 2019-இல் பிஜு ஜனதா தளம் சட்டமன்றத்தில் 146-இல் 112 வென்றும் மக்களவையில் 21-இல் 12-தான் பெற்றது; பாஜக 8 பெற்றது. நவீன் பட்நாயக் வேண்டும், மோடியும் வேண்டும் என்று ஒரே சமயத்தில் சொன்ன மாநிலம் அது. 2024-இல் பாஜக மக்களவையில் 20-ஐயும் சட்டமன்றத்தில் 78-ஐயும் பிடித்தது. அப்போதும் பிரித்துப் போடுபவர்கள் மறைந்துவிடவில்லை. பிஜு ஜனதா தளத்துக்குச் சட்டமன்றத்தில் 40 சதவீதத்துக்குச் சற்று மேல் கிடைத்தது, மக்களவையில் 37.5 சதவீதம்தான். சட்டமன்ற வாக்கில் அது பாஜகவைவிட நூலிழை முன்னால்கூட இருந்தது. ஆனாலும் 24 ஆண்டு ஆட்சி போனது. இப்படித் தேர்தல் நாட்களை இணைக்கும் சட்டத்தால் முதலில் கை கட்டப்படுவது, டெல்லிக்கு ஒருவரையும் கோட்டைக்கு வேறொருவரையும் அனுப்ப நினைக்கிற அந்தக் கொஞ்சம் பேருக்குத்தான். நிலக்கோட்டையில் அந்தக் கொஞ்சம் பேர்தான் முடிவைத் தீர்மானித்தார்கள்.