தடுப்பூசிக்கும் இரண்டு கையெழுத்து

திருவரங்குளம் வட்டார சகோதரிகளே! குழுப் பணம் எடுக்க ஒருத்தர் கையெழுத்து போதுமா? ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து போடணும். நம்ம உடம்பும் அப்படித்தான். கிருமியை அடையாளம் காட்டுவது முதல் கையெழுத்து. "ஆபத்து உண்மைதான்" என்று துணைத் தூண்டல் மூலக்கூறுகள் சொல்வது இரண்டாவது. இரண்டும் சேர்ந்தால்தான் டி செல் என்ற வெள்ளை அணுக்கள் சண்டைக்குக் கிளம்பும்.

டி.என்.ஏ. தடுப்பு மருந்தில் கிருமியின் ஒரு பகுதியைச் செய்வதற்கான குறிப்பு இருக்கும். மனிதர்களுக்கென உலகிலேயே முதலில் அனுமதி பெற்றது, 2021 ஆகஸ்டில், நம் நாட்டின் சைகோவ்-டி. அனுமதி பெற்றபோது கொரோனாவுக்கு 3 தவணையாக இருந்தது. இவ்வகையில் எதிர்ப்பு சக்தி குறைவாக வருவதால், இரண்டாம் கையெழுத்துக்கான குறிப்பையும் சேர்த்து விஞ்ஞானிகள் சோதிக்கிறார்கள்.

குழந்தைக்கு 6, 10, 14 வாரத்தில் போடும் பெண்டாவேலன்ட் ஊசியிலும் எதிர்ப்பைத் தூண்ட அலுமினிய உப்பு உண்டு. அப்படியும் ஒரு தவணை போதாது. லேசான காய்ச்சலுக்குப் பயந்து அடுத்த ஊசியை விட்டுடாதீங்க!